மாமா மாதிரியே இருக்கிறார், ஆனால் மாமா இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1956இல் டான் சீகல் எடுத்த ‘இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாட்சர்ஸ்’ படத்தைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கம்யூனிச பயத்தைச் சொன்ன படம் என்று இரண்டு பத்தியில் முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

படத்தில் சாண்டா மீரா என்று ஒரு சின்ன ஊர். விண்வெளியிலிருந்து வந்த விதைகளில் முளைக்கும் நகல்கள் அங்கே மனிதர்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு பையன் “அவங்க என் அம்மா இல்லை” என்று அலறுகிறான். வில்மா என்ற பெண், வீட்டு வாசலில் புல் வெட்டும் மாமாவைக் காட்டி, அவர் மாமா இல்லை என்கிறாள். முகம், குரல், பழைய ஞாபகம் எதிலும் குறையில்லை. தன்னைப் பார்க்கும்போது அவர் கண்ணில் வரும் அந்தத் தனிப் பார்வை மட்டும் இல்லையாம். இதே கதையை 1978இல் பிலிப் காஃப்மன் மறுபடி எடுத்த படத்தில் வரும் அலறல்கூட எனக்கு இவ்வளவு பயம் தரவில்லை.

என் அம்மாவுக்கு மறதி நோய். 81 வயது. ஒரு நாள் காலை காபி டம்ளரை நீட்டினேன். வாங்காமல் உற்றுப் பார்த்தாள். “என் பொண்ணு மாதிரியே இருக்கீங்க. அவ எங்கே?” என்றாள். பெற்ற மகளுக்கு ‘ங்க’ போட்டுப் பேசினாள். அதுதான் தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் காற்று கருப்பு என்று விபூதி கொண்டுவந்தார்கள்.

கொல்லைப்புறம் போய் வீட்டு போனுக்கு அடிப்பேன். எடுத்ததும், “ஏண்டி, எப்போ வர்றே? இங்கே உன்னை மாதிரி ஒருத்தி சுத்திக்கிட்டு இருக்கா” என்பாள். அது என் அம்மாவேதான்.

அப்புறம்தான் டாக்டர் காப்கிரா மருட்சி என்று பெயர் சொன்னார். 1923இல் பிரான்சில் ழோசப் காப்கிரா எழுதிவைத்தது. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன் சொன்ன விளக்கம்தான் எனக்குப் புரிந்தது. முகத்தை அடையாளம் காணும் பகுதிக்கும் பாசத்தை எழுப்பும் பகுதிக்கும் நடுவே மூளையில் தொடர்பு அறுந்துவிடுகிறது. முகம் தெரிகிறது, நெஞ்சு அசையவில்லை. அதனால் ‘வேறு யாரோ’ என்று மூளை முடிவு செய்கிறது. காதிலிருந்து போகும் வழி வேறு. அவர் பார்த்த ஒரு நோயாளியும் தாயை போனில் மட்டும் சரியாக அடையாளம் கண்டாராம்.

அந்தப் படத்தை எல்லோரும் வில்மா பக்கம் நின்று பார்ப்பார்கள். நான் மாமா பக்கம் நின்று பார்த்தேன். புல் வெட்டும் அந்த மனிதர் நிஜமாகவே மாமாவாக இருந்தால், அதை எப்படித்தான் நிரூபிப்பார்?

அடுத்த முறை இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது இந்த நோயைப் பற்றியும் நாலு வரி போடுங்கள். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள், பக்கத்து அறையிலிருந்து ஒரு தடவை போன் செய்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்