இரண்டாம் ஞாயிறு வக்கீல்களுக்கு, எங்கள் அம்மா சார்பில் நன்றி

வியாசர்பாடியில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்துக்கு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை வந்து உட்கார்ந்து, ஃபீஸ் வாங்காமல் சட்ட உதவி செய்யும் ஐந்து வக்கீல்களுக்கும் வணக்கம். நேரில் நன்றி சொன்னால் "அதெல்லாம் எதுக்குங்க" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

என் அம்மா ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் 11 வருடம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, ஏழு மணிக்கெல்லாம் யூனிஃபார்மோடு நிற்க வேண்டும். 2023-ல் முட்டி வலி தாங்காமல் வேலையை விட்டார். ஆள் அனுப்பும் ஏஜென்சியில் பணிக்கொடை, அதாவது சர்வீஸுக்குத் தகுந்தபடி வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி பணம் கேட்டதற்கு, "உங்களுக்கு அஞ்சு வருஷ சர்வீஸே இல்லையேம்மா, படிச்சவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நான் டிகிரி முடித்தவள், நானும் போனேன். அதே பதில்தான். இடையில் ஏஜென்சி இரண்டு முறை பெயரை மாற்றியிருந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்று கணக்கு. சரி, நம் தலையெழுத்து அவ்வளவுதான் என்று ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டோம்.

படிப்பகத்துக்கு வந்த முதல் நாளில் நான்தான் பேச ஆரம்பித்தேன். எதிரே இருந்த வக்கீல் அம்மா என்னைக் கையமர்த்திவிட்டு, "அக்கா, நீங்க சொல்லுங்க, வேலை பார்த்தது நீங்கதானே" என்று அம்மா பக்கம் திரும்பினார். எத்தனையோ ஆபீசுக்குப் போயிருக்கிறோம், அம்மாவின் முகத்தைப் பார்த்து யாரும் பேசியதில்லை. அம்மாவுக்கு ஆரம்பத்தில் வாயே வரவில்லை. அப்புறம் ஒரு மணி நேரம் நிறுத்தவே இல்லை, நீங்களும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் பழைய அடையாள அட்டைகளையெல்லாம் போட்டு வைத்திருந்தார். எதற்கு இந்தக் குப்பை என்று நானே திட்டியிருக்கிறேன். பையன்கள் ஆட்டத்தை நிறுத்திக் கேரம் போர்டைக் கொடுக்க, வக்கீல் அம்மா அதன் மேல் அட்டைகளை வருட வரிசையில் பரப்பினார். மூன்று கம்பெனிப் பெயர், ஆனால் கீழே ஒரே முகவரி, ஒரே போன் நம்பர், ஒரே ஆளின் வளைந்த கையெழுத்து. "இது போதும்க்கா" என்றார். பி.எஃப். பாஸ்புக்கையும் இ.எஸ்.ஐ. அட்டையையும் பக்கத்தில் வைத்ததும் 11 வருடமும் ஒரு மாதம்கூட விடாமல் வந்து நின்றது.

அப்புறம் ஒரு பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். கடைசிச் சம்பளம் 9,100 ரூபாய். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 350. ஒரு வருடத்துக்கு 15 நாள் கூலி, அதாவது 5,250. 11 வருடத்துக்கு 57,750. ஏன் 30-ஆல் வகுக்கவில்லை என்று அம்மா கேட்டார். வாரத்தில் ஒரு நாள் லீவு போக மாதத்துக்கு 26 வேலை நாள் என்று எடுக்கும்படி அப்போது நடப்பில் இருந்த 1972-ம் வருடத்துப் பணிக்கொடைச் சட்டத்திலேயே இருந்தது, 30-ஆல் வகுத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம் என்று விளக்கினீர்கள். மனுப் போடும் கெடு தாண்டிவிட்டதே என்று நான் பயந்ததற்கு, தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் மனுவை எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லி அன்றே மனு எழுதினீர்கள். அந்த நோட்டீஸ் தாள் இன்னும் எங்கள் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறை ஆபீசுக்கு எத்தனை வாய்தா நடந்தோம்! ஒவ்வொரு முறையும் ஐவரில் யாராவது ஒருவர் உயர் நீதிமன்ற வேலையை விட்டுவிட்டு வந்து நின்றீர்கள். உங்களில் மூன்று பேர் இன்னும் ஜூனியர்கள். சென்னையில் ஜூனியர் வக்கீல்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024-ல் உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்ததைப் பேப்பரில் படித்தபோதுதான், எங்களுக்காக வந்த ஆட்டோ காசு யார் பையிலிருந்து போனது என்று யோசித்தேன்.

விசாரணையில் அதிகாரி அம்மாவிடமே நேராகக் கேட்டார், எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்று. அம்மா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. "சார், நான் சேர்ந்தப்ப அந்தக் கட்டிடத்துல மூணாவது மாடி பூச்சே முடியல" என்று தொடங்கி, எந்த வருடம் எந்த மாடி, எந்தச் சூப்பர்வைசர் என்று வரிசையாகச் சொன்னார். எதிர்ப்பக்கத்து ஆள் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். முழுத் தொகையும், தாமதத்துக்கு வருடம் 10 சதவீதத் தனி வட்டியும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பணமும் வந்துவிட்டது.

எங்கள் கதை மட்டும் இல்லை. பின் தெருப் பையனை விசாரணை என்று இரவில் கூட்டிப் போனபோது, அவன் அம்மா போன் செய்த அரை மணியில் உங்கள் சீனியர் சார் ஸ்டேஷனில் இருந்தார். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று படிப்பகச் சுவரில் நீங்கள் ஒட்டிய தாளை இப்போது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட ஒப்பிக்கிறார்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்கள் இலவச வக்கீல் கேட்கலாம், 15100-க்குப் போன் செய்தால் போதும், உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். 1987-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், எங்கள் தெருவுக்கு அது வந்து சேர நீங்கள் வர வேண்டியிருந்தது.

மனுவை டைப் செய்துவிட்டுக் காசு வேண்டாம் என்ற தம்புச் செட்டித் தெரு அண்ணனுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் கேரம் பையன்களுக்கும் நன்றி.

பணம் வந்த அன்று அம்மா மஞ்சள் பையில் 2,000 ரூபாய் எடுத்து வந்தார். வக்கீல் அம்மா தொடவே இல்லை. "அக்கா, அடுத்த மாசம் ரெண்டு ஹவுஸ்கீப்பிங் அக்காங்க வர்றாங்க, நீங்க வந்து அவங்ககூடப் பேசுங்க" என்றார். அன்று முதல் அம்மா ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. வருகிறவர்களின் காகிதங்களைக் கேரம் போர்டில் வருட வரிசையில் அடுக்கி வைப்பது இப்போது அவர் வேலை.

கடைசியாக ஒன்று, இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்: ஜெராக்ஸுக்கு நீங்கள் கொடுத்த 340 ரூபாயை அம்மா குறித்து வைத்திருக்கிறார். ஃபீஸ்தான் வாங்கவில்லை, அதையாவது வரும் ஞாயிறு வாங்கிக்கொள்ளுங்கள்.