செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: பெற்றோர் ஆசிரியர் சங்கம், வேளச்சேரி, சென்னை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினம், பொங்கல் விழா, விளையாட்டு நாள் ஆகியன வழக்கம்போல் நடைபெற்றன. ஃபெஞ்சல் புயலையொட்டி நவம்பர் 30 அன்று பள்ளிக்கு விடுமுறை விடப்பட்டது.

மாணவர் சேர்க்கை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஜூனில் 41 பேர் இருந்த நம் பள்ளியில் இப்போது 33 பேர். பிள்ளைகள் கிடைக்காததால் நேர்ந்த குறைவு அல்ல இது. கணக்கு ஆசிரியருக்கு இரண்டு மாதச் சம்பளத்தைத் தவணையாகக் கொடுத்தோம்; ஆகஸ்டில் அவர் விலகினார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அதன்பின் ஆறு வாரம், 10ஆம் வகுப்பு நேர அட்டவணையில் கணக்குப் பாடவேளையை அழித்து, பென்சிலால் 'நூலகம்' என்று எழுதி வைத்தோம். அந்த ஆறு வாரத்திற்குள் ஐந்து பேர் விலகினர்.

ஜனவரி முதல் சனிக்கிழமைதோறும் பெருங்குடி, பள்ளிக்கரணை, கண்ணகி நகர்ப் பகுதிகளில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று வந்தேன். 10ஆம் வகுப்பில் மூன்று பாடங்களில் தவறிய ஒரு மாணவனின் தாயாரிடம், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிந்தால் ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது முறை தேர்வெழுதலாம், ஒவ்வொரு பாடமாகவும் தேறலாம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "எல்லாம் சரிங்க சார், கணக்கு யாரு எடுக்கறாங்க?" என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். மதிப்பெண் பட்டியலை மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துவிட்டார்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுவதால், தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காடு ஒதுக்கீட்டிற்கு அரசு வழங்கும் கட்டணம் உயர்நிலை வகுப்புகளுக்குக் கிடையாது. ஆகவே ஆசிரியர் சம்பளத்திற்கு நம் சந்தாவே ஆதாரம். 62 உறுப்பினர்களில் முழுச் சந்தா செலுத்தியவர் 24 பேர். செயற்குழுக் கூட்டங்கள் நான்கில் இரண்டு, வந்தவர் எண்ணிக்கை போதாமல் தள்ளிவைக்கப்பட்டன. வர இயலாதவர்கள் ஒரு தகவலாவது தந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்குண்டு.

வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துள்ளன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. ஆட்டோ கட்டணம் மட்டும் பெற்றுக்கொண்டு வாரம் மூன்று நாள் கணக்கு நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியை அவர்களுக்கும், மற்ற ஆசிரியர்களுக்கும், இடமளித்த வீட்டு உரிமையாளருக்கும் நன்றி.

ஜூனில் முழுநேரமாகச் சேர ஒரு கணக்கு ஆசிரியர் இசைந்துள்ளார். ஏப்ரல் 30க்குள் பதில் சொல்வதாக அவரிடம் கூறியிருக்கிறேன். ரசீதுப் புத்தகம் இன்று கூட்டம் முடியும்வரை பொருளாளரின் மேசையில் இருக்கும்.

செயலாளர்