அம்மாவை ரவரில் ஏற்ற நாள் பார்ப்பது

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வைகாசியில் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறதாக எழுதியிருந்தீங்க. மனம் நிறைஞ்ச சந்தோசம். ரொறன்ரோ நகரத்தில் இருக்கிற சி.என். ரவர் என்ற கோபுரத்தில் அம்மாவுக்கு ஏற ஏலுமா என்று கேட்டிருந்தீங்க. தாராளமா ஏறலாம், சக்கர நாற்காலியில் இருந்தாலும் பார்வைத்தளம் வரைக்கும் லிப்ற் போகும். ஆனா எந்த நாளில் ஏறுறது என்பதை முகிலைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேணும்.

ரவரின் முழு உயரம் 553 மீற்றர். நகரத்தில் உயர்ந்த கட்டடங்கள் எழும்பித் தொலைக்காட்சி அலைகளை மறிச்சதால கனேடிய தேசிய ரெயில்வே 1973 இல் கட்டத் தொடங்கி 1976 இல் திறந்தது. பிரதான பார்வைத்தளம் 346 மீற்றரில் இருக்கு. கொழும்புத் தாமரைக் கோபுரத்தின் நுனியே ஏறக்குறைய அந்த உயரம்தான். வைகாசியில் ஒன்ராறியோ ஏரித் தண்ணி இன்னும் குளிராத்தான் இருக்கும். அதுக்கு மேலால ஈரமான சூட்டுக் காத்து வந்தா மூடுபனி எழும்பும். கீழ வெயில் எறிச்சாலும் மேல ஒரே வெள்ளையாக் கிடக்கும். ரிக்கற்றில் ஏறுற நேரம் குறிச்சிருக்கும், அதனால முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டாம். காலையில் வெள்ளன ரவரைப் பார்க்க வேணும். பார்வைத்தளம் இருக்கிற, வளையம் மாதிரித் தெரியிற பகுதி தெளிவா இருந்தா அன்றைக்கே வாங்கலாம். மழை பெய்து காத்துத் திரும்பின அடுத்த நாள்தான் நல்ல நாள். வானம் நல்லாத் தெளிஞ்சா 160 கிலோமீற்றர் வரைக்கும் பார்க்கலாம், ஏரிக்கு அங்கால நயாகரா நீர்வீழ்ச்சியில் எழும்புற நீர்த்துளிப் புகாரும் தெரியும்.

கெனடி நிலையத்தில் சுரங்க ரெயில் ஏறி, புளோர்–யங்கில் மாறி, யூனியனில் இறங்குங்க. அங்கிருந்து கூரை போட்ட நடைபாதை ரவரடி வரைக்கும் போகுது, மழையிலும் நனையாம போகலாம். வாசலில் பைகளைச் சோதிப்பாங்க, பெரிய பெட்டி விட மாட்டாங்க.

லிப்ற் 58 செக்கனில் மேல போயிரும். அவ்வளவு வேகத்தில் காது அடைக்கும், அம்மாவுக்கு ஒரு இனிப்பு குடுத்து விழுங்கச் சொல்லுங்க. லிப்றின் ஒரு பக்கம் கண்ணாடி, சிலதில் தரையிலும் கண்ணாடித் துண்டு பதிச்சிருக்கு. பயமா இருந்தா கதவுப் பக்கம் திரும்பி நிற்கட்டும். காத்து கடுமையா அடிக்கிற நாளில் லிப்றை மெதுவா விடுவாங்க, சிலவேளை நிறுத்தியும் வைப்பாங்க.

மேல திசை தெரியாம எல்லாரும் மயங்குவாங்க. ஊரில நமக்குக் கடல் எழுவான் பக்கம், கிழக்கில. இங்க தண்ணி தெற்கில. ஏரியைப் பார்த்து நின்றா இடக்கைப் பக்கம்தான் கிழக்கு, ஸ்காபரோ அந்தப் பக்கமாத்தான் வரும். நேரே கீழ தீவுகளும் சின்ன விமான நிலையமும் இருக்கு. விமானம் இறங்குறதை மேலயிருந்து குனிஞ்சு பார்க்கிறது அம்மாவுக்கு நல்லாப் பிடிக்கும். பின்னேரம் ஏழரைக்கு ஏறினா வெளிச்சத்திலும் பார்க்கலாம், பொழுதுபட்டு விளக்கு எரியிறதையும் பார்க்கலாம். வைகாசியில் ஒன்பது மணிக்குக் கிட்டத்தான் இருட்டும். இரவில் படம் எடுக்கக்குள்ள கைபேசியைக் கண்ணாடியோட ஒட்டிப் பிடிக்க வேணும், இல்லாட்டி உள்விளக்குத்தான் படத்தில விழும்.

பார்வைத்தளத்துக்கு ஒரு தட்டு கீழ, 342 மீற்றரில், 1994 இல் போட்ட கண்ணாடித் தரை இருக்கு. 447 மீற்றரில் இருக்கிற உச்சித் தளத்துக்குத் தனிக் காசு. யன்னலும் சின்னன், முகிலும் முதலில் அதைத்தான் மூடும், அம்மாவுக்கு அது தேவையில்லை. அந்தக் காசை ரவருக்கு மேல இருக்கிற சுற்றும் உணவகத்தில் செலவழிக்கிறது புத்தி. அங்க சாப்பிடப் பதிஞ்சா பார்வைத்தளத்துக்கு வேற ரிக்கற் வேண்டாம். உணவகம் 72 நிமிசத்தில் ஒரு சுற்று கிறுகும். கைப்பையைக் கண்ணாடிக் கரையில் வைக்க வேண்டாம்: தளம் மட்டும்தான் கிறுகும், சுவர் நின்ற இடத்திலயே நிற்கும்.

அத்தான் படியில் ஏறக் கேட்டிருந்தார். 1776 படி, தர்மத்துக்குக் காசு சேர்க்கிற நாட்களில் மட்டும்தான் திறப்பாங்க. இன்னொன்று, ரவரின் வெளிவிளிம்பில் உடம்பை வாரில் கட்டி நடக்கிறது. அது 356 மீற்றரில், விளிம்பு 1.5 மீற்றர் அகலம். கைபேசி, மோதிரம் எதுவும் கொண்டுபோகேலாது, மின்னல் வந்தா நிறுத்துவாங்க. அத்தான் அந்த விளிம்பு நடைக்கு விரும்பினா இப்பவே பதிய வேணும், பதில் எழுதுங்க. அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று கட்டாயம் வைங்க.

அன்புடன்,
தம்பி