பொடெவில்ஸ் மாளிகைக்குத் தமிழில் ஒரு கைந்நூல்: நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த ஜேர்மனி வாழ் தமிழ் உறவுகளுக்கு,

பேர்லின் நகரின் நடுவே குளோஸ்டர் வீதியில் உள்ள பொடெவில்ஸ் மாளிகை இன்று ஒரு கலாசார நிலையமாக இயங்கிவருவதை உங்களுட் சிலர் அறிந்திருப்பீர்கள். அங்குள்ள கிறிப்ஸ் சிறுவர் அரங்கில் உங்கள் பிள்ளைகள் நாடகம் பார்த்தும் இருக்கலாம். அம்மாளிகையையும் அது நிற்கும் வீதியையும் பற்றித் தமிழிலும் ஜேர்மன் மொழியிலும் படங்களுடன் கூடிய ஒரு கைந்நூலையும், கைத்தொலைபேசியிற் கேட்கக்கூடிய ஓர் ஒலிவழிகாட்டியையும் உருவாக்க எமது குழு முன்வந்துள்ளது. அதற்கு உங்கள் பொருளுதவியை வேண்டுகிறோம். கட்டடத்தின் பராமரிப்புக்காக நாம் பணம் சேர்க்கவில்லை என்பதையும், அதன் நிர்வாகத்தின் சார்பில் நாம் பேசவில்லை என்பதையும் முதலிலேயே தெளிவுபடுத்த விரும்புகிறோம்.

யாரோ ஒரு பிரபுவின் மாளிகைக்கும் எமக்கும் என்ன தொடர்பு என்று குழுவின் முதற் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். 1701 முதல் 1704 வரையான காலத்தில் இதனைக் கட்டிய ஜான் டி போட், பரிஸில் பிறந்த ஹியூகனோ, அதாவது பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர். அம்மக்களுக்கு வழிபாட்டுரிமை வழங்கியிருந்த கட்டளையைப் பதினான்காம் லூயி மன்னர் 1685இல் இரத்துச் செய்ததையடுத்துச் சிறுவயதிலேயே நாட்டைவிட்டு வெளியேறி, ஒல்லாந்திலும் இங்கிலாந்திலும் காலங்கழித்துப் பின்னர் பேர்லினை வந்தடைந்தவர் அவர். அவரைப் போன்ற ஏறத்தாழ 20,000 ஹியூகனோக்களுக்குப் பிராண்டன்பேர்க்கின் ஆட்சியாளர் புகலிடம் அளித்தார். இந்நகரம் பெருமையுடன் காட்டும், பரோக் என்னும் அலங்காரப் பாணியிலமைந்த கட்டடங்களிற் சில, அடைக்கலம் தேடி வந்த ஒருவரின் கையால் வரையப்பட்டவை என்ற செய்தி, இங்கு பிறந்து வளரும் எம் பிள்ளைகளைத் தமிழிற் சென்றடைய வேண்டும் என்பதே எமது அவா.

மாளிகையின் பிற்கால வரலாறு கைந்நூலில் விரிவாக இடம்பெறும். அரச அலுவலர் ஒருவருக்காகக் கட்டப்பட்ட இவ்வீட்டை, பிரஷ்யாவின் அமைச்சர் பொடெவில்ஸ் 1732இல் வாங்கினார்; இன்றுள்ள பெயர் அவரால் வந்தது. இரண்டாம் உலகப்போரில் சேதமுற்று, 1954இல் மீளக் கட்டி முடிக்கப்பட்டபோது கிழக்கு ஜேர்மன் அரசு இதனை 'இளந்திறமையாளர் இல்லம்' என்ற பெயரில் இளைஞர்களின் இசைக்கும் நடனத்துக்கும் ஒப்படைத்தது. 1966இல் தீப்பற்றி எரிந்து, மறுபடியும் எழுப்பப்பட்டது.

கைந்நூலின் இரண்டாம் பகுதியே இவ்வேண்டுகோளுக்கு முதன்மையான காரணம். 1980களின் முற்பகுதியில், சிறப்பாகக் கறுப்பு யூலைக்குப் பின்னர், எம்மவர் பலர் மொஸ்கோ வழியாகக் கிழக்குப் பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, தொடருந்தேறிப் பிரெட்றிக் வீதி நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து மேற்குப் பேர்லினுக்குள் நுழைந்தனர். கிழக்குப் பேர்லினையும் மேற்குப் பேர்லினையும் பிரித்த எல்லைக்கோட்டினை நாட்டெல்லையாக மேற்குத் தரப்பு ஏற்றுக்கொள்ளாததால், மேற்குப் பக்கத்தில் ஒழுங்கான கடவுச்சீட்டுச் சோதனை இருக்கவில்லை. 1985இன் நடுப்பகுதியிற் கிழக்கு ஜேர்மனி இவ்வழியை அடைக்கும் வரை இது நீடித்தது. யனோவிற்ஸ் பாலத்துக்கும் அலெக்சாண்டர் சதுக்கத்துக்கும் இடையில் அத்தொடருந்துப் பாதை இம்மாளிகையிலிருந்து சில நூறு மீற்றர் தொலைவிலேயே செல்கிறது. பயணப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தவர்களுக்கு யன்னலுக்கு வெளியே பார்க்கும் மனநிலை இருந்திருக்காது. பின்னர் நோர்ட்றைன் வெஸ்ட்பாலன் முதலான மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டவர்களிற் பலர் அந்தப் பாதையை மறுபடி பார்த்ததேயில்லை.

அவ்வழியால் வந்த மூத்தோரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியுள்ளோம். ஒரு தாயார் தமது விமானச்சீட்டின் சிவப்புக் கரித்தாட் பிரதியை இன்றுவரை பொலித்தீன் உறையில் வைத்திருக்கிறார். கொழும்பு, மொஸ்கோ என்ற சொற்களை மட்டும் இப்போது வாசிக்க முடிகிறது, திகதி மங்கிவிட்டது. எழுபது வயதைக் கடந்த இவர்களின் குரல்களைப் பதிவுசெய்வதை இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போட முடியாது. எனவே, நிதி முழுவதும் சேருமுன்னரே இப்பணியைத் தொடங்கினோம்.

மொத்தச் செலவை 7,000 யூரோ என மதிப்பிட்டுள்ளோம். ஆயிரம் பிரதிகளை அச்சிட 3,800 யூரோவும், ஒலிப்பதிவுக்கும் தொகுப்புக்கும் 1,900 யூரோவும், பழைய ஒளிப்படங்களின் பயன்பாட்டு உரிமைக்கு 1,300 யூரோவும் தேவைப்படுகின்றன. எழுத்து, மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்த்தல் ஆகியவற்றைக் குழு உறுப்பினர்கள் ஊதியமின்றிச் செய்கின்றனர். 25 யூரோவும் அதற்கு மேலும் வழங்குவோருக்கு ஒரு பிரதி அஞ்சலில் அனுப்பப்படும். அதனிலும் குறைந்த தொகையையும் அதே நன்றியுடன் ஏற்போம். எமது குழு பொதுநல அமைப்பாக இன்னும் அங்கீகாரம் பெறாததால், வருமானவரிக் கழிவுக்குரிய நன்கொடைச் சான்றிதழை வழங்க இயலாது என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம். பணமாக அன்றி அச்சுத்தாள் போன்ற பொருளாக உதவ விரும்புவோர் எம்முடன் கலந்து பேசலாம்.

வங்கிக் கணக்கு விபரம் இத்துடன் இணைக்கப்பட்ட படிவத்தில் உள்ளது. மார்கழி மாத இறுதிக்குள் உதவினால், தைமாதத்தில் அச்சகத்துக்கு முற்பணம் செலுத்த வசதியாக இருக்கும். வரவு செலவு அறிக்கை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். பெயர் வெளியிட விரும்பாதவர்கள் படிவத்தில் அதனைக் குறிப்பிடுக. தொகை மிஞ்சினால் அது தமிழ்ப் பாடசாலைகளுக்கு இலவசப் பிரதிகள் அனுப்பப் பயன்படும். 1985க்கு முன் ஷோனபெல்ட் வழியாக வந்தவர்கள் பணம் அனுப்ப முடியாவிடினும், தமது பெயரையும் அழைக்க உகந்த நேரத்தையும் அதே படிவத்தில் எழுதி அனுப்புமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வண்ணம்,
கைந்நூல் தயாரிப்புக் குழுவினர்,
பேர்லின்