பவர் சப்ளை பற்றி ஒரு விஷயம்

அன்புள்ள தம்பி,

புதுக் கம்ப்யூட்டருக்கு நீ அனுப்பிய பட்டியலை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை சிம் லிம் ஸ்கொயருக்குப் போய் வந்தேன். ரோச்சோர் எம்ஆர்டியில் இறங்கி, மாடி மாடியாக ஏறி விலை கேட்டேன். முட்டி வலி உயிர் போகிறது, அது கிடக்கட்டும். ரைசன் 5 8600ஜி சிப், பி650 மதர்போர்டு இரண்டும் கிடைத்தன. படம் காட்டும் வேலையைச் சிப்பே பார்த்துக்கொள்ளும், தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்று நீ எழுதியிருந்தது சரிதான். கோயில் கணக்கு எழுத அதெல்லாம் எதற்கு? ரேம் விலைதான் நெருப்பாக இருக்கிறது. 16 ஜிபி இரண்டு வாங்கப் போனவன் 8 ஜிபி இரண்டோடு திரும்பினேன். ஏஐ கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார்களாம், கடைப் பையன் சொன்னான்.

நீ 2014-ல் பூட்டிக் கொடுத்த பெட்டி இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டார்கள், 11-ஓ அந்த நாலாம் தலைமுறை இன்டெல்லை ஏற்காது. இல்லையென்றால் மாற்றியிருக்க மாட்டேன். உள்ளே ஒயரெல்லாம் தலை வாரிவிட்டதுபோல் கட்டியிருக்கிறாய். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைக் கழற்றிக் காட்டுவேன். அதில் இருந்த பொறுமையில் பாதி, அப்பாவுக்கு ஒரு போன் போடுவதில் இருந்திருக்கலாம்.

ஒன்றே ஒன்றில் உன் பேச்சைக் கேட்கவில்லை. பவர் சப்ளை 550 வாட் போதும் என்று எழுதியிருந்தாய். 650 வாங்கிவிட்டேன். இந்தப் பெட்டி 150 வாட்கூடத் தொடாது என்று நீ சிரிப்பாய், எனக்கும் தெரியும். முப்பது வருஷம் கப்பல் பட்டறையில் ஒயர் இழுத்தவன் நான். எதையும் விளிம்பில் வைத்து ஓட்டக்கூடாது. நீயும் அங்கே எதையும் விளிம்பில் வைத்து ஓட்டாதே. நேரத்துக்குச் சாப்பிடு. பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதே.

மூன்று ஞாயிறாக, மருமகள் வெளியே போயிருக்கிறாள் என்கிறாய். மெல்பர்னில் ஞாயிற்றுக்கிழமையும் கடை கண்ணி திறந்திருக்குமாக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பவர் சப்ளை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2008-ல், உன் ஓ லெவல் பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால், கம்ப்யூட்டர் செத்துப்போனது ஞாபகம் இருக்கிறதா? ஸ்விட்சைப் போட்டால் விசிறி சுற்றும், லைட் எரியும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். அது பழுதாகவில்லை, தம்பி. நீ தூங்கிய பிறகு பெட்டியைத் திறந்து, பவர் சப்ளையிலிருந்து பிராசசர் பக்கத்தில் போகும் அந்த நாலு முள் பிளக்கை நான்தான் கிளிப்பிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்தேன். பார்த்தால் மாட்டியிருப்பது போலவே இருக்கும். விளையாட்டை நிறுத்திவிட்டுப் படி என்று நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் கத்துவேன், நீயும் கத்துவாய்.

நீ என்ன செய்தாய்? தீபாவளிக் காசு, தாத்தா கொடுத்தது, எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போய்ப் புது பவர் சப்ளை வாங்கி வந்து நீயே மாட்டினாய். புது பிளக்கை ஒழுங்காக அழுத்தினாய், ஓடிவிட்டது. "நானே கண்டுபிடிச்சேன்பா" என்று வந்து நின்றாய். நான் தோளில் தட்டிக் கொடுத்தேன். அந்தக் கையை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

பழைய பவர் சப்ளை இன்னும் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. போன வாரம் எடுத்து, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பார்த்தேன். விசிறி சுற்றியது. மஞ்சள் ஒயரில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட், அசையவில்லை. உன் காசு அன்றைக்கு எவ்வளவு என்று எனக்கு இப்போது நினைவில்லை. உனக்கு இருக்கும். சொல், தருகிறேன்.

புதுப் பெட்டியில் எல்லாம் மாட்டியாகிவிட்டது. ரேம் இரண்டையும் இரண்டாவது, நாலாவது இடத்தில் போட்டிருக்கிறேன். முன்பக்க ஸ்விட்சுக்கும் லைட்டுக்கும் போகும் குட்டி ஒயர்கள்தான் மிச்சம். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, எது பிளஸ் எது மைனஸ் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. நீ வீடியோவில் வந்தால் ஐந்து நிமிஷ வேலை. எத்தனை மணியானாலும் பரவாயில்லை, எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. அதுவரை பக்கத் தகட்டை மூடாமல் வைத்திருக்கிறேன்.

அம்மா முறுக்கு சுட்டிருக்கிறாள். ஒருவருக்குக் கட்டுவதா, இரண்டு பேருக்குக் கட்டுவதா என்று கேட்கச் சொன்னாள். எதுவாக இருந்தாலும் எழுது.

அப்பா