வாசலைத் திறந்துவைப்பதற்கு முன்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

நலம். உங்கள் அனைவரின் நலமறிய ஆவல்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 26 ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை விற்பது என்ற முடிவுக்கு நீங்கள் இருவரும் வந்துவிட்டீர்கள் என்ற செய்தியைவிட, அதை அம்மாவிடம் எப்படிச் சொன்னாய் என்று எழுதியிருந்த பகுதிதான் என்னை வெகுநேரம் பிடித்து நிறுத்தியது. ஓப்பன் ஹவுஸ், அதாவது குறித்த நேரத்தில் வாசலைத் திறந்துவைத்து, விரும்பும் எவரும் வந்து வீட்டைப் பார்க்கவிடுவது, வைக்கலாமா, வேண்டாமா என்ற உன் கேள்விக்கு நான் தரும் பதிலும் கடைசியில் அவரிடம் வந்துதான் நிற்கும். வீட்டை விற்றுத்தரும் முகவர் அதை வைத்தே ஆகவேண்டும் என்கிறார், உன் கணவர் கூடவே கூடாது என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு விதமாகவும் வீடு விற்றவள் என்பதால் என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பழைய வீட்டை விற்றபோது, விளம்பரம் வெளிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை வாசலைத் திறந்துவைத்தோம். அந்த நேரத்தில் நாங்கள் வீட்டில் இருக்கவேண்டாம் என்று முகவர் கேட்டுக்கொண்டார். அது நியாயமான வேண்டுகோள்தான். உரிமையாளர் கூடத்தில் உட்கார்ந்திருந்தால், வருகிறவர்கள் அலமாரிக் கதவைத் திறந்து பார்க்கவும் கூசுவார்கள், சுவரில் ஈரம் தெரிகிறதே என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் தயங்குவார்கள். மாலையில் திரும்பிவந்து பார்த்தபோது வருகைப் பதிவேட்டில் 31 பெயர்கள் இருந்தன. எனக்கு அன்று இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் அந்த 31 பேரில் ஒருவர்கூட விலை பேச வரவில்லை. தங்கள் வீடு என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் பார்க்க வந்த பக்கத்துத் தெருக்காரர்களும், வங்கிக் கடனுக்கு இன்னும் விண்ணப்பிக்காத இளம் தம்பதியரும்தாம் அவர்களில் பெரும்பாலோர். வீட்டை வாங்கியவர், 9 நாள்கள் கழித்து, நேரம் குறித்துக்கொண்டு தனியாக வந்தார். சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரின் அழுத்தத்தைப் பார்த்தார். மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று கேட்டார். மறுநாள் தன் தாயாரை அழைத்துக்கொண்டு மீண்டும் வந்தார். வாங்கும் எண்ணத்தோடு வருகிறவரின் பார்வை எப்படி இருக்கும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதற்காக அந்த ஞாயிற்றுக்கிழமை வீண் என்று சொல்லமாட்டேன். எங்கள் வீடு விற்பனைக்கு வந்திருப்பதை அவருக்குச் சொன்னதே, அன்று வந்துபோன எதிர்வீட்டு அம்மாள்தான். வேடிக்கை பார்க்க வருகிற அண்டை அயலாரை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தங்களுக்கு வேண்டியவர்கள் பக்கத்திலேயே குடிவரவேண்டும் என்று விரும்புகிறவர்களும் அவர்களே. மேலும், முகவரைத் தொலைபேசியில் அழைத்து நேரம் கேட்கத் தயங்குகிறவர்கள், வாசல் திறந்திருப்பதைப் பார்த்தால் தயக்கமின்றி உள்ளே வருவார்கள். ஒரே நேரத்தில் நாலைந்து குடும்பங்கள் கூடத்தில் நின்றால், வாங்க நினைப்பவருக்கு, தாமதித்தால் கைவிட்டுப் போய்விடும் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். இவையெல்லாம் உண்மையான நன்மைகள்.

முகவர் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார் என்பதையும் நீ தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் சேரும் பெயர்களும் தொலைபேசி எண்களும் அவருடைய தொழிலுக்கு முதலீடு. உன் வீடு பிடிக்காமல் போகிறவருக்கு அவர் வேறு வீடு காட்டலாம்; தன் வீட்டை விற்க நினைக்கும் பக்கத்துத் தெருக்காரர் நாளை அவரையே அழைக்கலாம். வேறு முகவர் இல்லாமல் நேரே உள்ளே வந்தவரே வாங்கிவிட்டால், இரு தரப்புக் கமிஷனும் ஒருவருக்கே கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. அவருடைய உழைப்பு அவருக்கு. ஆயினும், அப்படி நேரே வருகிறவர் விலை பேசினால் நீங்கள் யார் பக்கம் நின்று பேசுவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்.

நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் உனக்கு எழுதவேண்டும். அன்று இரவு ஜன்னல்களைச் சாத்தப் போனபோது, பின்னறை ஜன்னலின் தாழ்ப்பாள் திறந்திருந்தது. அதை நாங்கள் திறப்பதே இல்லை. காற்றுக்காக யாராவது திறந்திருக்கலாம்; பிறகு வந்து நுழைவதற்காகத் திறந்து வைத்துவிட்டும் போயிருக்கலாம். இரண்டு நாள்கள் கழித்து, முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இவருக்குக் கொடுத்திருந்த வலி மாத்திரைகளைத் தேடினால், அட்டையோடு காணவில்லை. வந்திருந்தவரோ ஒரே முகவர். வாசலில் ஒரு குடும்பத்திடம் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது மாடியில் என்ன நடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நகையையும் பணத்தையும் நாங்கள் எடுத்துவைத்திருந்தோம். மாத்திரைகளும், ஆணியில் தொங்கும் மாற்றுச் சாவிகளும், மேசைமேல் கிடக்கும் வங்கிக் கடிதங்களும், எந்த நாளில் ஊரில் இருக்கமாட்டோம் என்று குறித்துவைத்த நாட்காட்டியும், பள்ளியின் பெயர் தெரியும் குழந்தைகளின் புகைப்படங்களும் அவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல என்பது அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

மாமியாரின் அடுக்குமாடி வீட்டை விற்றபோது ஓப்பன் ஹவுஸ் வைக்கவே இல்லை. அந்தக் கட்டடத்தில் எல்லா வீடுகளும் ஒரே அமைப்பு. படங்களும் தரைப்படமும் போதுமானவையாக இருந்தன. நேரம் கேட்டு வந்த நால்வரில் ஒருவர் வாங்கிவிட்டார்.

உன் வீடு அப்படிப்பட்டது அன்று. நீ அனுப்பிய விளம்பரப் படங்களைப் பார்த்தபோது, இது நான் வந்து தங்கிய வீடுதானா என்று தோன்றியது. முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே இருட்டாகவும் தெரிகிறது. மாலை 4 மணிக்குப் பின்னறையில் விழும் வெயில் எந்தப் படத்தில் வரும்? நேரில் நடந்து பார்த்தால்தான் மதிப்புத் தெரியும் வீடு உன்னுடையது. ஆகவே, முகவர் சொல்வதில் பாதி சரி என்றே நினைக்கிறேன். நிறையப் பேர், முதல் வாரத்திலேயே, நேரில் வந்து பார்க்கவேண்டும். விளம்பரம் புதிதாக இருக்கும் நாள்களில்தான் உண்மையான ஆர்வம் கூடியிருக்கும். நான்காம் வாரத்தில் மறுபடி மறுபடி வாசலைத் திறந்தால், இன்னும் விற்கவில்லை போலிருக்கிறதே என்ற எண்ணத்தைத்தான் பரப்புவோம். அந்த நிலை வந்தால், விலை சரிதானா என்று மூவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

ஆனால் அம்மா இருக்கிறார். 84 வயதில், படுக்கையும் சக்கர நாற்காலியுமாக இருப்பவரை, 2 மணி நேரத்துக்காக எங்கே கொண்டுபோய் வைப்பாய்? வீட்டிலேயே இருக்கட்டும் என்றால், முன்பின் தெரியாத முகங்கள் அவருடைய அறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதும், ஜன்னல் எந்தத் திசை என்று அவர் காதுபடப் பேசுவதும் எவ்வளவு கொடுமை! மாலையானால் இடமும் ஆளும் குழம்புகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். விலையில் சற்று முன்பின் ஆனாலும், அந்தக் கூட்டத்தை அவர்மேல் ஏற்றக்கூடாது. இந்த விஷயத்தில் நான் உன் கணவர் பக்கம்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, நேரம் குறித்துக்கொண்டவர்கள் மட்டும் வரட்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 நிமிடம், இடையில் 10 நிமிட ஓய்வு என்றால், 6 குடும்பங்கள் பார்த்துவிடலாம். ஒருவர் வெளியே போகும்போது அடுத்தவர் வாசலில் காத்திருப்பதைப் பார்ப்பார்; கூட்டம் தரும் அந்தப் பரபரப்பு கூட்டமில்லாமலே கிடைத்துவிடும். கடைசி இரு குடும்பங்கள் பின்னறை வெயிலையும் பார்ப்பார்கள். வருகிறவர்களின் அடையாளச் சான்றையும், கடன் தர வங்கி ஒப்புக்கொண்ட கடிதத்தையும் முகவர் முன்பே சரிபார்த்து வைக்கட்டும். அவருடன் இன்னொருவரும் இருக்கவேண்டும். ஒருவர் கீழே, ஒருவர் மாடியில். படியில் யாராவது தடுக்கி விழுந்தால் பொறுப்பு யாருடையது என்று காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டுவிடு. உன் மாடிப்படியின் மூன்றாம் படி எனக்கே இரண்டு முறை காலை வாரியிருக்கிறது. எல்லாரும் போனபின் தாழ்ப்பாள்களை நீயே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்.

முகவர் இதற்கு இணங்கமாட்டார் என்று நினைக்காதே. பதிவேட்டில் 31 பெயர் சேராது என்பதைத் தவிர அவருக்கு வேறு இழப்பு இல்லை. கறாராக மறுத்தால், ஏன் என்று கேட்டு எனக்கு எழுது.

எந்தச் சனிக்கிழமை என்று முடிவானதும் தெரிவி. நான் முந்தைய நாளே வந்துவிடுகிறேன். அன்று பிற்பகல் முழுவதும் அம்மாவும் நானும் பின்வராந்தாவில் இருக்கிறோம். அவர் பழைய புகைப்பட ஆல்பங்களைப் பிரித்துக் கதை சொல்லட்டும், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவற்றை மட்டும் இப்போதே பெட்டியில் கட்டிவிடாதே.

என்றும் அன்புடன்,
வசந்தி