பெயில் போடும் முன் பள்ளியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம் என்று தன் பள்ளிகளுக்கு மத்திய அரசு 2024 டிசம்பரில் விதி வெளியிட்டது முதல், ‘பெயில் பயம் இருந்தால்தான் படிப்பார்கள்’ என்ற பேச்சு வலுத்திருக்கிறது. ஐந்து முடித்தும் எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அப்படிச் சிலரை நானே ஆறாம் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பத்து வயதுப் பிள்ளையா?

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கும் அளவுகோல் வைத்திருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல். நான் பணியாற்றியது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புகளுக்கு இருவர். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போனால் ஐந்தும் மற்றவர் தலையில் விழும். பள்ளி நடந்ததாகப் பதிவேடு சொல்லும். ஐந்தாம் வகுப்புக்கு அன்று அரை மணி நேரம் கிடைத்திருந்தால் பெரிது. இது விதிமீறல்கூட இல்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பதும் அதே அட்டவணைதான். முதலில் திருத்த வேண்டியது அந்த வரியை.

தமிழ்நாட்டில் 2019-இல் அறிவித்த ஐந்து, எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். நல்ல முடிவு. ஆனால் பெயில் போடாமல் விடுவதோடு கடமை முடிந்துவிடுகிறதா? ஒவ்வொரு வகுப்புக்கும் ஆசிரியர் முழுநேரம் கிடைத்த நாள்கள் எத்தனை என்று பள்ளிச் சுவரில் எழுதி வைக்கட்டும். ஊர் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கட்டும்.

மத்திய அரசின் விதியில், தவறியவர்களுக்கு முடிவு வெளியான இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டே என்கிறார்கள். எங்கள் பக்கம் அந்த இரண்டு மாதத்தில் பெரும்பகுதி கோடை விடுமுறை. சொல்லித்தர யார் இருப்பார்கள்? என்னிடம் படித்த ஒரு பையன் பொங்கல் முடிந்ததும் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்விடுவான். கணக்கில் கெட்டிக்காரன்; கல் எண்ணியே பெருக்கல் கற்றவன். ஆண்டுத் தேர்வின்போது அவன் ஊரில் இருந்ததில்லை. மழை இறங்கி சூளை நின்ற பிறகுதான் திரும்புவான். அதற்குள் மறுதேர்வும் முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.